இரண்டு வாய், ஒரே அடைப்பு

முக்கால் மணி நேரமாக மூன்று ஆண்கள் தொட்டியில் திராட்சை மிதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே குழியில் ஒரு சொட்டுச் சாறு விழவில்லை.

அனேசோ குழியின் ஓரத்தில் தகரக் குவளையோடு மண்டியிட்டிருந்தாள். முதல் சாறு விழுந்ததும் ஏந்தி மாமியாரிடம் கொடுக்க வேண்டும். மாமியார் அதன் மேல் சிலுவைக் குறி போட்டு ஒரு வாய் குடித்துவிட்டு மிதிப்பவர்களுக்குக் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் அந்த வருடத்து ஒயின் தொடங்கியதாக அர்த்தம். குவளை காய்ந்துபோய்க் கிடந்தது.

“பெரியம்மா, நாங்க மிதிக்கிறது திராட்சையா, மெத்தையா?” தொட்டிக்குள்ளிருந்து அர்தேமிஸ் கத்தினான். அனேசோவின் கணவனுக்குச் சித்தப்பா மகன் அவன். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிவிட்டு, கூலிக்கு வந்த அண்ணன் தம்பி இருவரின் தோளிலும் கை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் ஆடுகிறவனைப்போல மிதித்துக்கொண்டிருந்தான். “இருபத்தஞ்சு கூடை கூழாப் போச்சு. கீழ யாராவது வாயை வெச்சு உறிஞ்சறீங்களா?”

மாமியார் சம்பேத்தா, தொட்டி இருந்த ஒயின் குகையின் வாசலில் நின்றிருந்தாள். முற்றத்தில் கட்டியிருந்த கழுதையைப் பார்த்துச் சொன்னாள்: “சுல்தானா, குழியில ஏதாவது தெரியுதான்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்லு.”

பதினொரு நாளாக இப்படித்தான். அந்தப் பதினொரு நாளும் அவள் மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருடத்து நிக்டேரியை அனேசோவுக்கு முதன்முதலாக ஊற்றிக் கொடுத்த அன்று ஆரம்பித்தது அது. நிக்டேரி என்றால் இரவு ஒயின். வெயில் படாமல் ராத்திரியிலேயே மிதிக்க வேண்டும் என்று பெயர் வைத்தவர்கள் நினைத்திருக்கலாம். சம்பேத்தா வீட்டில் மட்டும் பகலில்தான். இருட்டில் மிதித்தால் கூலிக்காரன் தூங்கிவிடுவான் என்பது அவள் கட்சி. அந்த ஒயினை ஒரு வாய் குடித்த அனேசோ முகத்தைச் சுளித்தாள். எதுவும் சொல்லவில்லை, சுளித்தாள், அவ்வளவுதான். அவள் ஃபீரா நகரத்தில் பீப்பாய் செய்கிறவரின் மகள். நல்ல ஒயினையும் சுமாரான ஒயினையும் தவழும் வயதிலிருந்தே முகர்ந்தவள். அந்த ஒரு சுளிப்பு சம்பேத்தாவின் முப்பத்திரண்டு வருட வேலையின் மேல் துப்பியது போல ஆகிவிட்டது.

அன்றைக்கே சம்பேத்தா கழுதையிடம் சொன்னாள்: “இந்தத் தடவை மிதிப்பில ஒரே ஒரு தப்பு நடக்கட்டும் சுல்தானா. மகனுக்குக் கடுதாசி போட்டு, இவளை இவ அப்பன் வீட்டுக்கே அனுப்பிடறேன்.”

மகன் மதேயோஸ் சரக்குக் கப்பலில் இருந்தான். கல்யாணமாகி நாற்பது நாள்தான் அனேசோ அவனோடு இருந்தாள். அப்பன் வீட்டில் இன்னும் மூன்று பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட அக்கா ஒருத்தி வீட்டில் உட்கார்ந்தால் அந்த மூவரையும் யார் கேட்டு வருவார்கள்? பதினொரு ராத்திரியும் அவள் அதையேதான் நினைத்தாள்.

“ஒண்ணும் தெரியலைன்னு சொல்லு சுல்தானா,” என்றாள் அனேசோ. அவளும் இப்போது கழுதை வழியாகத்தான் பேசிப் பழகியிருந்தாள்.

“தோலு வந்து வாயில அடைச்சிருக்கும்,” என்றாள் ஃப்ரோசோ. சம்பேத்தாவின் மூத்த மகள். பக்கத்து ஊரிலிருந்து அறுவடைக்கு வந்திருந்தாள். “குச்சியை விட்டுக் குத்துங்கடா.”

அர்தேமிஸ் குனிந்து குச்சியைத் தேடினான். மிதிப்பு நின்றது. அந்த நிசப்தத்தில்தான் அனேசோ அதைக் கேட்டாள்.

எங்கேயோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

நிதானமாக, கனமாக, ஆழத்தில் விழும் சத்தம். மாரிக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர் மழைக்கிணற்றில் இறங்கும்போது வருகிற அதே சத்தம். ஆனால் இது ஆகஸ்ட் மாதம். ஏப்ரலுக்குப் பிறகு மேகம் என்று ஒன்றை யாரும் பார்க்கவில்லை.

அவள் குவளையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். கிணற்றின் மரமூடியைத் தூக்கினாள். குளிர்ந்த காற்று வரவேண்டிய இடத்திலிருந்து அப்போது நசுக்கிய திராட்சையின் வாசனை முகத்தில் வந்து அறைந்தது. மூடி அவள் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது.

“அத்தை,” என்றாள். கழுதையை மறந்துவிட்டாள். “அத்தை, கிணத்துக்குள்ள போகுது. எல்லாம் கிணத்துக்குள்ள போகுது.”

அர்தேமிஸ் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். பிறகு ஃப்ரோசோ ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். வாளியை இறக்கி மேலே இழுத்தாள். கலங்கலாக, மஞ்சளாக வந்தது. விரலை விட்டு நக்கினாள். அவள் முகம் வெளுத்ததை அனேசோ பார்த்தாள்.

“இனிப்பு,” என்றாள் ஃப்ரோசோ. அழுகிற குரலில் சொன்னாள். “அம்மா, தண்ணி இனிக்குதும்மா.”

சம்பேத்தா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். இடுப்பளவு தண்ணீர் இருந்த கிணறு அது. அடுத்த மழை வரும்வரை, நவம்பர் வரை, மனிதருக்கும் கழுதைக்கும் கோழிக்கும் அந்த இடுப்பளவுதான். அந்தத் தீவில் விருந்தாளி வந்தால் ஒயினை அளக்காமல் ஊற்றுவார்கள். தண்ணீரைக் கேட்டால்தான் யோசிப்பார்கள். இப்போது இரண்டும் ஒன்றாகப் போய்விட்டது.

“அடைப்பை யாரு மாத்தினது?” ஃப்ரோசோ திரும்பினாள்.

அந்தத் தொட்டிக்கு அடியில் இரண்டு வாய்கள் உண்டு. இடது வாய் கிணற்றுக்குப் போகிறது. வலது வாய் சாற்றுக்குழிக்கு. மாரிக்காலத்தில் மாடித் தண்ணீர் தொட்டியில் விழுந்து, மண் படிந்து, தெளிந்து கிணற்றுக்கு இறங்கும். ஆகஸ்டில் அதே தொட்டியில் திராட்சை மிதிப்பார்கள். இரண்டு வாய்க்கும் சேர்த்து அடைப்புக் கட்டை ஒன்றுதான். மழைக்கு வலதில் இருக்கும். மிதிப்புக்கு முன்னால் அதைப் பிடுங்கித் துணி சுற்றி இடதில் அடித்து, சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் குழைத்துப் பூச வேண்டும். அது இந்த வருடம் மருமகளின் வேலை.

“நான் மாத்தினேன் மதினி,” என்றாள் அனேசோ. “விடியறதுக்கு முன்னாடியே மாத்திட்டுத்தான் தோட்டத்துக்குப் போனேன். பூச்சும் பூசினேன்.”

“அப்ப அடைப்புக்குக் கால் முளைச்சுதா? தானா நடந்து போச்சா?”

“நான் மாத்தினேன்.”

“பீப்பாய்க்காரர் வீட்டுல இடது எது, வலது எதுன்னு சொல்லிக்கொடுக்கலை போல. சுளிக்க மட்டும் சொல்லிக்கொடுத்திருக்காங்க.”

“சண்டையை அப்புறம் போடுங்க,” என்று அர்தேமிஸ் கத்தினான். “இன்னமும் ஓடுது!” அவன் கூழுக்குள் காலால் துழாவி இடது வாயைக் கண்டுபிடித்துக் குதிகாலை அதன் மேல் அழுத்தினான். கிணற்றுச் சத்தம் நின்றது. அப்படியே குனிந்து, தோள்வரை கையை விட்டு, வலது வாயிலிருந்த கட்டையை முறுக்கிப் பிடுங்கினான். சாறு பாய்ந்து கீழே குழியில் கொட்டியது. இத்தனை நேரம் எல்லோரும் காத்திருந்த சத்தம்; இப்போது அதைக் கேட்க ஒருவருக்கும் மனமில்லை.

“இந்தா, பிடி அண்ணி. இதைத் துடைச்சுக் கொடு. என் காலே எத்தனை நேரம் அடைப்பா இருக்கும்?”

கட்டை அனேசோவின் கைக்கு வந்தது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

நீலத் துணி.

மாரிக்காலம் முழுவதும் அந்தக் கட்டையில் பழைய சாக்குத்துணி சுற்றியிருந்தது. அதை அவள் விடியற்காலையில் உரித்து எறிந்துவிட்டு, தன் ஏப்ரனின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். அந்த நீலம் இதுதான். மாற்ற மறந்திருந்தால் வலது வாயில் சாக்குத்துணியோடு இருந்திருக்க வேண்டும். நீலத் துணியோடு வலதில் இருக்கிறது என்றால், அவள் இடதில் அடித்துவிட்டுப் போன பிறகு யாரோ அதைப் பிடுங்கி வலதில் வைத்திருக்கிறார்கள்.

தலையைத் தூக்கினாள். சம்பேத்தா அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள். மறைவதற்கு முன் அனேசோ பார்த்துவிட்டாள்: வலது கை நகங்களின் ஓரமெல்லாம் வெள்ளை. காய்ந்த சுண்ணாம்பு.

அனேசோவின் கைகளில் சுண்ணாம்பு இல்லை. விடிந்ததிலிருந்து திராட்சைக் குலைகள் அதைத் துடைத்தெடுத்திருந்தன.

வாயைத் திறந்தாள். எதைச் சொல்வது? முப்பத்திரண்டு வருடம் இந்த வீட்டு மிதிப்பை ஆண்டவள், வேண்டுமென்றே தன் வீட்டு ஒயினைக் கிணற்றில் விட்டாள் என்றா? யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. என்னை அனுப்ப இத்தனை தூரம் போவாளா?

சம்பேத்தா எழுந்தாள்.

“சுல்தானா,” என்றாள். குரல் கரகரத்தது. “மிச்சக் கூடையை மிதிச்சு முடிக்கச் சொல்லு. அப்புறம் அந்தப் பொண்ணைத் தாளும் மையும் எடுத்து வைக்கச் சொல்லு. இன்னிக்குச் சாயங்காலக் கப்பல்ல கடுதாசி போகணும்.”

இதில் இன்னொரு கொடுமை இருந்தது. சம்பேத்தாவுக்கு எழுதத் தெரியாது. ஃப்ரோசோவுக்கும் தெரியாது. அர்தேமிஸுக்குத் தன் பெயரைப் போடத் தெரியும், அதுவும் கோணலாக. அந்த வீட்டில் மதேயோஸுக்குப் போகிற கடிதங்களை எழுதுகிறவள் அனேசோ ஒருத்திதான். தன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லும் கடிதத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டும்.

மிச்சம் பதினைந்து கூடை. மதியத்துக்குள் முடிந்தது. ஒரே ஒரு பீப்பாய் நிறையும். சிவப்பு ஒயினுக்கு என்று ஓரமாக நட்டிருந்த கொடிகள் இந்த வருடம் காற்றில் பூவுதிர்த்துவிட்டன. மாடியில் இனிப்பு ஒயினுக்காகக் காயப்போட்டிருந்த குலைகள் மட்டும் பத்திரமாக இருந்தன. அவை சுருங்கி முடிய இன்னும் ஒரு வாரம். அந்த இனிப்பு ஒயின் கோவிலுக்கு நேர்ந்தது. வீட்டுக்கு அதில் ஒரு குடுவைதான் நிற்கும்.

கூலிக்காரர்கள் போய்விட்டார்கள். காலைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கேட்டுப் பார்த்துவிட்டு, ஃப்ரோசோவின் பார்வையைக் கண்டு அப்படியே பிசுபிசுத்த காலோடு நடந்தார்கள். அர்தேமிஸ் ஒரு தட்டில் சாம்பலைக் கொட்டி அதற்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். குளவிகள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தன.

“அம்மா, கிணத்தை என்னதான் பண்றது?” என்று ஃப்ரோசோ பத்தாவது தடவையாகக் கேட்டாள்.

“கழுதைக்குப் போடு. வேற என்ன?”

ஒரு வாளி வைத்தார்கள். சுல்தானா மூக்கை விட்டு முகர்ந்தது. பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியைக் காலால் தட்டியது. இரண்டாவது வாளியையும் குடித்தது. தாடையெல்லாம் சொட்டச் சொட்டத் தலையை ஆட்டி, இத்தனை வருடம் ஏன் இதை எனக்குத் தரவில்லை என்பது போல எல்லோரையும் பார்த்தது.

அர்தேமிஸ் சிரித்துவிட்டான். ஒருவரும் கூடச் சிரிக்காததால் இருமிச் சமாளித்தான்.

உள்ளே அறையில் மேசைமேல் தாள் விரிந்திருந்தது. அர்தேமிஸ் சாம்பல் தட்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான். மேலே எழுத வேண்டிய ஊரையும் தேதியையும் அனேசோ எழுதிவிட்டாள்: மெகலோகோரி, ஆகஸ்ட் இருபத்தாறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. சம்பேத்தா எதிரே உட்கார்ந்தாள், கைகள் இன்னமும் ஏப்ரனுக்குள்.

“மகனே மதேயோஸ். இங்க எல்லாரும் சுகம்.”

எழுதினாள்.

“நிலநடுக்கத்துல விரிசல் விட்ட தொட்டியைப் போன மிதிப்புக்கப்புறம் இடிச்சுக் கட்டினோமே, அதுல இன்னிக்குத்தான் முதல் மிதிப்பு. நாப்பது கூடையில இருபத்தஞ்சு கூடைச் சாறு கிணத்துக்குள்ள போயிடுச்சு.”

எழுதினாள். ‘கிணற்றுக்குள்’ என்ற இடத்தில் மை பெரிதாக ஊறியது.

“யாரால போச்சுன்னு சொல்லும்மா,” என்றாள் ஃப்ரோசோ. “அதைச் சொல்லத்தான கடுதாசி.”

“சொல்றேன்டி. என் கடுதாசி, என் மகன். குறுக்க பேசாத.” சம்பேத்தா தொண்டையைச் செருமினாள். “உன் பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடைப்பை மாத்தி வெச்சா.”

பேனா நின்றது.

“ஏன் நிறுத்திட்ட? எழுது.”

அனேசோ நிமிர்ந்தாள். கழுதை முற்றத்தில் இருந்தது. அறைக்குள் அவர்கள் நான்கு பேர்தான். ‘எழுது’ என்றது அவளைப் பார்த்துத்தான்.

எழுதினாள்.

“சரியாத்தான் வெச்சா.”

“அம்மா?” என்றாள் ஃப்ரோசோ.

“அப்புறம் உன் அம்மா வந்து அதைப் பிடுங்கித் தப்பா வெச்சா.”

அர்தேமிஸின் கால் இழுபட்டுத் தட்டு கவிழ்ந்தது. சாம்பல் தரையெல்லாம் பரவியது. ஃப்ரோசோ கையிலிருந்த ரொட்டிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா என்று பார்ப்பவளைப்போல நெருங்கி வந்தாள்.

“என்னம்மா சொல்ற? நீயா? நீயே எதுக்கு...”

சம்பேத்தா கைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். நகங்களில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

“பழைய தொட்டியில கிணறு வலது பக்கம். முப்பத்திரண்டு ஆகஸ்ட்டும் வலதுலதான் அடைச்சேன். புதுக் கிணத்தை இடது பக்கம் வெட்டினாங்க, பக்கம் மாறிப்போச்சு. எனக்குத் தெரியாதா? நான்தான கொத்தனார் பக்கத்துல நின்னேன். தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியலை.” வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. “இவ தோட்டத்துக்குப் போனதும் இருட்டுக்குள்ள கையை விட்டுத் தடவினேன். இடதுல இருந்துச்சு. மாட்டிக்கிட்டாடின்னு நெனச்சேன். பிடுங்கி வலதுல அடிச்சேன்.”

“எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே பெரியம்மா,” என்றான் அர்தேமிஸ் மெதுவாக. “அண்ணிகிட்டயாவது.”

“சாப்பாட்டு நேரத்துல சொல்லலாம்னு வெச்சிருந்தேன். எல்லார் முன்னாடியும். நான் மட்டும் கவனிக்கலைன்னா இந்நேரம் நம்ம ஒயின் கிணத்துல இருந்திருக்கும்னு.” அவள் சிரிக்க முயன்றாள். அது சிரிப்பாக வரவில்லை. “காலையிலிருந்து அதை எந்த வார்த்தையில சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அந்தச் சந்தோஷத்துல சத்தம்கூட என் காதுல விழலை.”

அனேசோவால் நம்ப முடியவில்லை. வேண்டுமென்று செய்திருப்பாள் என்றுகூட நினைத்தாயிற்று. இது அதைவிடவும் அதிர்ச்சியாக இருந்தது. அவளைக் காப்பாற்றும் வார்த்தை இந்த வாயிலிருந்தே வந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் அத்தை.”

“எல்லாத்தையும் படி.”

படித்தாள். ‘உன் அம்மா வந்து’ என்ற இடம் வந்ததும் சம்பேத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

“அதை அடி,” என்றாள்.

“எதை?”

“‘உன் அம்மா’ங்கறதை. அவன் கடுதாசியைத் தனியாவா படிப்பான்? கப்பல்ல நாலு பேரு சுத்தி உக்காந்துப்பானுங்க. மார்செய் துறைமுகத்துல இறங்கறதுக்குள்ள இந்தக் கதை கப்பல் பூரா போயிடும். நம்ம ஊர்க்காரனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க அதுல. அதை அடிச்சுட்டுக் கழுதைன்னு போடு.”

“கழுதையா?” மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“பின்ன? இன்னிக்கு நடந்ததுல லாபம் யாருக்கு? இந்த வீட்டுல அவ ஒருத்திக்குத்தான். ரெண்டு வாளி குடிச்சுட்டு மூணாவதுக்கு நிக்கறா பாரு.”

முற்றத்தில் வாளி உதைபடும் சத்தம் கேட்டது. அர்தேமிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. ஃப்ரோசோ மட்டும் வாய் திறந்தபடியே நின்றாள்.

அனேசோ பேனாவை மையில் தோய்த்தாள். பிறகு தாளின் மேல் கொண்டுவராமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் இதுவரை அவள் ஒருமுறையும் முடியாது என்று சொன்னதில்லை.

“அடிக்கிறேன் அத்தை. ஆனா ‘சரியாத்தான் வெச்சா’ங்கறதை அடிக்க மாட்டேன்.”

சம்பேத்தா அவளைப் பார்த்தாள். பதினொரு நாளுக்குப் பிறகு முதல்முறையாக நேராக, நீண்ட நேரம் பார்த்தாள்.

“அதை யாரு அடிக்கச் சொன்னா?” என்றாள்.

அனேசோ ‘உன் அம்மா’ என்பதன் மேல் கோடு இழுத்து, மேலே ‘சுல்தானா’ என்று எழுதினாள்.

“நம்ப மாட்டாரே அத்தை. கழுதை எப்படிப் பிடுங்கும்னு கேப்பாரே.”

“நம்பலைன்னா வந்து அதுகிட்டயே கேட்டுக்கட்டும்னு எழுது. ஒரு வருஷம் ஆகப்போகுது அவன் வந்து. இதுக்காகவாவது வரட்டும்.”

அதையும் எழுதினாள். கப்பல் ஊதும் சத்தம் மலைக்குக் கீழே துறைமுகத்திலிருந்து மெலிதாக வந்தது. அர்தேமிஸ் சாம்பல் காலோடு எழுந்து கையை நீட்டினான்.

“இரு. கையெழுத்து,” என்றாள் சம்பேத்தா.

கட்டைவிரலை மைக்குப்பியின் வாயில் தொட்டு, தாளின் அடியில் அழுத்தினாள். எடுத்த பிறகு மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கறுப்பு ரேகை வட்டமாக, சுத்தமாக விழுந்திருந்தது. அதன் மேல் ஓரத்தில் மட்டும், நகம் பட்ட இடத்தில், சுண்ணாம்பு பிறைபோல வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ஃப்ரோசோ அதை ஊதிவிடக் குனிந்தாள். அவள் ஊதுவதற்குள் அனேசோ கடிதத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து மடித்துவிட்டாள்.